முசேவுக்குப் பிறகு வந்த குட்டி

அஞ்சலை அன்றைக்கு அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்கியதும் மீனை எடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பூனைக்குட்டி தலையை நீட்டியது.

சாம்பல் நிறம். மூக்கின்மேல் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு. உடம்பெல்லாம் மீன் கவிச்சி. காது இரண்டும்தான் பெரிதாக இருந்தன, மற்றதெல்லாம் எலும்பு.

“சிஸ்டரு, இத வச்சிக்க. ஆத்தாக்காரி லோடு வண்டில அடிபட்டுப் போயிட்டா. மூணு குட்டில ரெண்ட நாய் தூக்கிட்டுப் போயிடிச்சி. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“எனக்கு வேணாம் அஞ்சலை.”

“ஒன்ன யாரு கேட்டா? அண்ணன் எங்க?” என்று என் வீட்டுக்காரரைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அஞ்சலை வீராம்பட்டினத்துக்காரி. எங்கள் ரெட்டியார்பாளையம் தெருவில் ரொம்ப வருடமாக மீன் விற்கிறாள். அவளுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே நான் சிஸ்டர்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவளுக்கு வேறு பெயர் ஏது? மல்லிகா என்று ஒரு பெயர் எனக்கு இருப்பது ரேஷன் கார்டுக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும்.

குட்டி என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். “பாம்பப் பாத்த மாரி போன பாரு” என்று அஞ்சலை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

முப்பது வருடத்துக்குமேல் ரத்தத்தையும் சீழையும் பார்த்தவள் நான். எதற்கும் முகம் சுளித்ததில்லை. பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வீறாப்பு நன்றாகவே தெரியும். அப்படிப்பட்டவள் ஒரு பூனைக்குட்டிக்குப் பயந்தேன். எங்கள் வீட்டுப் பூனை செத்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. எதனால் செத்தது என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கொன்றது எதுவோ அது இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் குட்டியை உள்ளே விட்டால் இதுவும் போய்விடும். இது போனால், என் வீட்டுக்காரர் என்ன ஆவார்?

அதுதான் பயம்.

போன்ழூர் முசே

என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு முதலில் மில் வேலை. மில்லை மூடிய பிறகு கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் கேட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பெரிய பழைய வீடு, மஞ்சள் சுவர், உள்ளே தோட்டம். வருகிறவர்கள் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி இருந்ததாம். தினமும் காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, வேலைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்ப்பதைப்போல ஒரு நடை நடந்துவிட்டுப் போகுமாம். இவர் நாற்காலியை விட்டு எழுந்து சல்யூட் அடித்து, “போன்ழூர் முசே” என்பாராம்.

போன்ழூர் என்றால் வணக்கம், முசே என்றால் ஐயா. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டாம், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே அந்த இரண்டு வார்த்தைதான். வேலையில் இருந்தவரைக்கும் அதை வைத்தே காலத்தை ஓட்டினார்.

ஒருநாள் சாப்பாட்டுப் பைக்குள் அந்தக் குட்டியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கத்தினேன். “வார்டுல பூன நொழஞ்சாலே அடிச்சி வெரட்டுறவ நானு. வீட்ல வச்சிப் பாக்கணுமா?” என்றேன். அவர் குட்டியைத் தரையில் விட்டு, “முசே, இவங்கதான் பெரிய சிஸ்டர். பாத்து நடந்துக்க” என்றார்.

பதின்மூன்று வருடம் பார்த்துத்தான் நடந்துகொண்டான் அவன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு வாரம் எழுதியாயிற்று. எழுதியதற்கு வந்த ஆறுதல் கடிதங்களைப் படித்து எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது, அதனால் திரும்ப எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. முசே எனக்குப் பூனை. அவருக்கு அப்படி இல்லை.

அவர் படுத்தால் அவர் கால்மேல்தான் முசே படுப்பான். அவர் சாப்பிட்டால் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்காருவான், கிட்டே வரமாட்டான். மரியாதை தெரிந்தவன். அஞ்சலையின் குரல் தெருமுனையில் கேட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வாசலுக்குப் போவார்கள். காரப்பொடி மீன் என்றால் முசே உயிரையே விடுவான். எனக்கு அவனிடம் பிடித்தது சுத்தம். ஈரத் தரையில் நடந்துவிட்டால் உடனே ஒரு ஓரமாக உட்கார்ந்து நான்கு காலையும் ஒவ்வொரு விரலாக நக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். என் வீட்டுப் பூனை வேறு எப்படி இருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவன் மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மறுநாள் வாயில் எச்சில் ஒழுகியது. காதுக்குள் பார்த்தேன், மஞ்சள். நர்ஸுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுமா? வயதான கால்நடை டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, “ஈரல் போச்சும்மா. எதுனாலன்னு சொல்ல முடியாது. வயசும் ஆயிடிச்சி” என்றார். நானே வீட்டில் டிரிப் போட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் மடியிலேயே போய்விட்டான்.

அவர் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “கால் மரத்துப்போச்சி மல்லிகா. அவன கொஞ்சம் எடு” என்றார். அவ்வளவுதான்.

முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, டாக்டரிடம் பாக்கி இருந்த ரிப்போர்ட்டை வாங்கப் போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் சும்மா இருந்திருக்கலாம். “சில பூனைங்களுக்கு வைரஸா இருக்கும் சிஸ்டர். வேற பூனை இப்பதிக்குக் கொண்டாந்துடாதீங்க. கிருமி மாசக்கணக்கா வீட்லயே கெடக்கும்” என்றார்.

அவர் சொன்னது அந்த மூன்று வரிதான். நான் வீட்டுக்கு வந்ததும் வாளியை எடுத்தேன்.

என் கைவசம் இருந்த ஒரே மருந்து

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் பக்கத்து வீட்டில் போய்ப் புலம்புவார்கள். நான் தரையைத் துடைப்பேன்.

இந்தப் பழக்கம் பயிற்சிக் காலத்தில் வந்தது. எங்களுக்கு இருந்த தலைமை சிஸ்டர், வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியைப் பார்க்கமாட்டார். வாசற்படியில் நின்று மூச்சை இழுப்பார். பினாயில் வாசனை மூக்கில் ஏறினால்தான் உள்ளே கால் வைப்பார். ஏறவில்லை என்றால் அன்றைக்கு எங்கள் கதி அதோகதி.

ஒரு வருடம் குழந்தைகள் வார்டில் வாந்திபேதி. கட்டிலுக்கு இரண்டு குழந்தை, தரையில் பாய் போட்டும் குழந்தைகள். எனக்கு இருபது வயது இருக்கும். மருந்து கொடுக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை. வாளி, துடைப்பான், கறுப்பு பினாயில், இவ்வளவுதான் எங்கள் கையில். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும். மணிக்கொரு தரம் துடைத்தோம். அந்த வார்டு ஒரு வழியாக அடங்கியது. மருந்தால் அடங்கியதா, டிரிப்பால் அடங்கியதா என்று டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்து அது பினாயிலால்தான் அடங்கியது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கறுப்பு பினாயில்தான். ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது ஹோமப் புகை அடங்கும் முன்பே நான் தரையைத் துடைத்துவிட்டேன் என்று என் நாத்தனார் இன்னும் குறை சொல்வாள்.

முசே போன பிறகு ஒரு வேளை மூன்று வேளையானது. ஒரு மூடி இரண்டு மூடியானது. அவன் படுத்த சாக்கு, சாப்பிட்ட கிண்ணம், எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். அவன் நகம் தீட்டிய நாற்காலிக் காலைக்கூட விடவில்லை, பினாயிலில் முக்கிய துணியால் தேய்த்தேன்.

அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். “அதயும் தொடச்சிட்டியா?” என்றார். பிறகு பேசவில்லை.

அன்றைக்கு மட்டும் என்றால் சரி. அப்படியே பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார். டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். படுத்தால் காலைக் கட்டிலின் ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொள்வார், இன்னொருவருக்கு இடம் விடுவதைப்போல. அஞ்சலையின் குரல் கேட்டால் எழுந்து வாசல் வரைக்கும் போவார். அங்கே கொஞ்சம் நிற்பார். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்.

வார்டில் இப்படிப்பட்ட ஆண்களைப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டி செத்து ஒரு வருடத்துக்குள் காரணமே இல்லாமல் வந்து படுத்துவிடுவார்கள். கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு ஒரு வியாதி கிடைக்காது. அந்த முகங்கள் என் நினைவுக்கு வர ஆரம்பித்தன. என் புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் பறிகொடுத்தவளைப்போல நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலையும் இதைத் தினமும் பார்த்திருக்கிறாள். அதனால்தான் என்னைக் கேட்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

பெயர் வைக்காத ஒன்பது நாள்

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். குட்டியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்தார். மூட்டு வலிக்காரர், கீழே உட்கார்ந்தே இரண்டு வருடம் இருக்கும். குட்டி தட்டுத்தடுமாறி வந்து அவர் முழங்காலில் ஏறியது.

“இதுக்குப் பசிக்குது மல்லிகா” என்றார்.

மூன்று மாதத்தில் அவர் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்? அஞ்சலை என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒத்துக்கொண்டேன். ஆனால் என் பயத்தின் சொல்படிதான் வளர்த்தேன்.

பெயர் வைக்கக் கூடாது என்றேன். பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும். “சரி” என்றார். இரண்டு பேரும் அதைக் “குட்டி” என்றோம். வார்டில் வைப்பதைப்போல ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை தடவை பால் குடித்தது, மூத்திரம் எத்தனை, மலம் எப்படி, எல்லாம் எழுதினேன். குட்டி தூங்கினால் வயிறு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஏறி இறங்கும். நிமிர்ந்து இரண்டடி போனதும் திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன்.

குட்டி எங்கேயெல்லாம் போகிறதோ அங்கேயெல்லாம் துடைத்தேன். அது முன்னால் ஓடும், நான் பின்னால் துடைப்பேன். ஓடியது அதே ஈரத்தில் திரும்பி வரும். “கொஞ்சம் காயட்டும் விடேன்” என்பார் அவர். “கிருமியப் பத்தி ஒங்களுக்கு என்னா தெரியும்?” என்பேன்.

உண்மையைச் சொல்கிறேன், குட்டிமேல் எனக்கு அன்பு வரவில்லை. அது குதித்து விளையாடினால் இவர் சிரிப்பார். இவர் சிரித்தால் நான் நோட்டை எடுத்துப் புரட்டுவேன். இன்றைக்குச் சிரிக்கிறார், நாளைக்கு இது போனால்? ஒவ்வொரு சிரிப்புக்கும் பயம் ஒரு படி ஏறியது.

ஒன்பதாம் நாள் காலை அவர் காலாப்பட்டில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பினார். டீக்கடைக்கே போகாதவர் காலாப்பட்டுக்குப் பஸ் ஏறுகிறார்! பேண்ட்டில் ஒட்டியிருந்த பூனை முடியைத் தட்டிவிடப் போனேன். “இருக்கட்டும் வுடு” என்றார்.

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். பால் கிண்ணத்தில் பால் அப்படியே இருந்தது. குட்டி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் ஆடின. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி நெஞ்சு முடியெல்லாம் நனைந்திருந்தது.

இதே எச்சில். முசேவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வந்துவிட்டது, வீட்டுக்குள் இருந்த அது கடைசியில் இதையும் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது நான் செய்ததை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. குட்டியைத் தூக்கவில்லை. ஓடிப்போய் வாளியை எடுத்து இரண்டு மூடி பினாயிலை ஊற்றி, அது நின்ற இடத்தைச் சுற்றித் துடைத்தேன். அன்றைக்குக் காலையிலேயே அது நான்காவது தடவை.

துடைத்து முடித்துப் பார்த்தால், குட்டி அந்த ஈரத்தில் சறுக்கி விழுந்து, எழுந்து, நடுங்கிக்கொண்டே தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் கேட்ட கேள்வி

காய்கறிக் கூடையில் துண்டை விரித்துக் குட்டியைப் போட்டு ஆட்டோ பிடித்தேன். முசேவின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டேன். நர்ஸ் புத்தி, எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போடமாட்டேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். அவர் சாயங்காலம் வந்து இறங்குவார். “குட்டி எங்க?” என்பார். அதற்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய டாக்டர் வெளியூர் போயிருந்ததால் ஒரு புதிய கிளினிக்குக்குப் போனேன். கடலூர்ப் பக்கத்துப் பெண், சின்ன வயசு. என் அனுபவத்தின் அளவுகூட அந்தப் பெண்ணுக்கு வயசு இருக்காது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. என் வீறாப்பு சாகாது.

“பேரு என்னம்மா?”

“மல்லிகா.”

“ஒங்க பேரு இல்லம்மா, பூனை பேரு.”

“வைக்கல டாக்டர். ஏற்கெனவே ஒண்ணு போயிடிச்சி. வீட்ல கிருமி இருக்குது. அதான் இதுக்கும் வந்துடிச்சி.”

டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கில் புண். காலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்திருந்தது. அத்தனை நாள் நோட்டுப் போட்ட நான் அதை மட்டும் பார்க்கவே இல்லை. பிறகு டாக்டர் குனிந்து அந்தக் காலை மோந்து பார்த்தார்.

“வீட்ட எதுலம்மா தொடைக்கிறீங்க?”

“பினாயில்லதான். நல்ல கறுப்பு பினாயிலு. நான் நர்ஸா இருந்தவ டாக்டர், சுத்தத்துல கொற வைக்கமாட்டேன்.”

“எத்தன வேள?”

“மூணு. இன்னிக்கு இதுக்குள்ள நாலு.”

டாக்டர் டார்ச்சை மேஜைமேல் வைத்தார்.

“அம்மா, பூனைக்கு அது வெஷம். நம்ம ஈரல் அத முறிச்சிடும். பூனை ஈரலால முடியாது. ஈரத் தரையில நடக்கும், அப்புறம் கால நக்கும். அப்படியே உள்ள போயிடும். கிருமில்லாம் ஒண்ணும் இல்லம்மா. மொதல்ல கால கழுவுவோம், வாங்க.”

சோப்புத் தண்ணீரில் நான்கு காலையும் கழுவினோம். கழுவக் கழுவ வாசனை வந்துகொண்டே இருந்தது. டிரிப் போட நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்கு நரம்பு தேடிக் கொடுத்த கை. அந்தக் கையிலிருந்து அன்றைக்குக் குட்டியின் கால் இரண்டு தடவை நழுவியது. “நீங்க ஒக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்று டாக்டர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. ஈரல்.

முசேவின் ரிப்போர்ட் என் மடியில் இருந்தது. அதை டாக்டரிடம் நீட்டினேன். “இதயும் கொஞ்சம் பாருங்க. எங்க வீட்ல முன்னாடி இருந்தவனோடது” என்றேன். என்ன கேட்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அவர் படித்தார். பின்பக்கம் திருப்பிவிட்டு, மறுபடி முன்பக்கத்தைப் படித்தார்.

“எத்தன வருஷம் இருந்தான்?”

“பதிமூணு.”

“அப்பவும் இதே பினாயில்தானா?”

“தெனம் ஒரு வேள.”

டாக்டர் காகிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே நிதானமாக மடித்தார். மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வயசாயிடிச்சில்லம்மா. அதுனாலதான்னு இப்ப எப்படிச் சொல்றது? ஒங்க மேல தப்பு எதுவும் இல்ல.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஏனென்றால் அது என் குரல்.

காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மூன்று நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு நான்காம் நாள் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்மார்களிடம் நான் அப்படித்தான் பேசியிருக்கிறேன். குழந்தை போன பிறகு அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: “நேத்தே கொண்டாந்திருந்தா பொழச்சிருக்குமா சிஸ்டர்?” பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். “ஒன் தப்பு ஒண்ணும் இல்லம்மா” என்பேன். சொல்லும்போது டிரிப் பாட்டிலைப் பார்ப்பேன், கட்டில் துணியைச் சரி செய்வேன். அவர்கள் கண்ணைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சின்னப் பெண்ணும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னது

குட்டி மூன்று நாள் கிளினிக்கில் இருந்தது. நான் போன் பண்ணியதும் முதல் நாள் சாயங்காலம் அவர் காலாப்பட்டிலிருந்து நேராக அங்கேயே வந்துவிட்டார். காதுகுத்து வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை கையிலேயே இருந்தது.

“என்னாச்சி?”

“பாலு ஒத்துக்கல” என்றேன்.

அவர் நம்பினார். நான் நர்ஸ் ஆயிற்றே. கூண்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கம்பி வழியாக ஒரு விரலை விட்டார். குட்டி அந்த விரல்மேல் தாடையை வைத்துக்கொண்டது. அடுத்த இரண்டு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டி பிழைக்க வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். எனக்கு அதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை.

பிழைத்துக்கொண்டது. நான்காம் நாள் கூண்டைத் திறந்ததும் டாக்டரின் பேனாவைத் தட்டி விளையாடியது. பொட்டைக் குட்டி என்று டாக்டர் சொன்னதும், “அப்ப மதாம்” என்றார் இவர். முசே ஐயா என்றால் மதாம் அம்மா; இவருக்கு மூன்றாவதாகவும் ஒரு பிரெஞ்சு வார்த்தை தெரிந்திருக்கிறது. அங்கேயே சீட்டில் பெயர் ஏறிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் வெறும் தண்ணீரில்தான் தரை துடைக்கிறேன். நான் பினாயிலை விட்டதை அவர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

“என்னா மல்லிகா, ஆஸ்பத்திரி வாசனையே காணோம்?”

“மூக்குக்கு ஒத்துக்கலங்க. தும்மலா வருது.”

“நல்லதாப்போச்சி. முசேவுக்கும் அது புடிக்காது. நீ தொடைக்கும்போதுல்லாம் காயிற வரைக்கும் அவன மடிலயே புடிச்சி வச்சிருப்பேன். நிக்கமாட்டான், எறங்கி ஓடிடுவான்.”

சொல்லிவிட்டு மதாமைத் தூக்கிக் கால்மேல் விட்டுக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பிறகும் எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். அவர் மறுபடி டீக்கடைக்குப் போகிறார், அஞ்சலையோடு சண்டை போட்டு மீன் வாங்குகிறார், ராத்திரி சாப்பாட்டுக்கு உப்பு போதவில்லை என்று குறை சொல்கிறார். இதையெல்லாம் நான் மூன்று மாதம் இழந்து கிடந்தவள். முசே போனபோது அந்த வாய் மூடிக்கொண்டது. முசேவை அனுப்பியது நானாகவும் இருக்கலாம் என்று தெரிந்தால்? டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியாது, எனக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட என்னால் முடியவில்லை.

வாயால் வராதது எழுத உட்கார்ந்ததும் வந்துவிட்டது. பத்திரிகை வாசலில் விழுந்ததும் முதலில் எடுத்துப் பிரிப்பது அவர்தான். இந்தத் தொடரில் ஒரு வாரத்தைக்கூட அவர் விட்டதில்லை. தப்பு கண்டுபிடித்துக் கோடு போட்டு வைப்பார்.

ஏங்க, இது வரைக்கும் படித்துவிட்டீர்களா? நான் அடுப்படியில்தான் இருக்கிறேன். திட்டுங்கள், கத்துங்கள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.